கட்டுத்தரைக் கணக்குக்குக் கருவிக் குறிப்பு எழுதிய அனுபவம்

பெரியப்பா தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கட்டுத்தரையில் பெரிதும் சிறிதுமாக 63 உருப்படிகள். பாதிக்கு மேல் காங்கேயம் இனம். பால் ஊற்றுவதற்கென்று ஜெர்சி கலப்பு மாடுகள் தனிக்கொட்டகையில். இவ்வளவுக்கும் கணக்கு பெரியம்மாவின் லாங் சைஸ் நோட்டில்தான் இருந்தது. எந்த மாடு எப்போது பருவத்துக்கு வந்தது, சினை ஊசி போட்ட நாள், ஈன்ற நாள், கோமாரி ஊசி, சொசைட்டிக்கு ஊற்றிய பால் எல்லாம் ஒரே நோட்டில், ஒரே நீலப் பேனாவில்.

அந்த நோட்டை ஃபார்ம்ஓஎஸ்ஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். ட்ரூபல் என்ற இணையதள மென்பொருள் மேல் கட்டப்பட்ட திறமூலப் பண்ணைப் பதிவு மென்பொருள் அது, காசில்லாமல் நம் கணினியிலேயே போட்டுக்கொள்ளலாம். அதன் அடிப்படை எளிது. மாடு, நிலம், கொட்டகை போன்றவை ‘அசெட்’. அவற்றுக்கு நடந்தவை ‘லாக்’. வைத்தியம் ஒரு லாக், பிறப்பு ஒரு லாக், கண்ணில் பட்டதைக் குறித்துவைப்பது ஒரு லாக், பால் கறந்தது அறுவடை லாக். நோட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடுகிறது, ஏனென்றால் நோட்டும் அப்படித்தான் இருந்தது.

ஏற்றுவது சரி, எடுப்பதுதான் சிக்கல். சாணி அள்ளிய கையோடு போனில் ஆறு இடத்தில் தட்டித் தேடப் பெரியம்மாவால் முடியாது. “செவலைக்கு ஊசி போட்டு எத்தன நாளாச்சு?” என்று வாயால் கேட்டால் பதில் வர வேண்டும். அதற்காக ஏஐ ஏஜெண்ட் ஒன்றை, அதாவது கேட்டதைத் தானே தேடிப் பதில் சொல்லும் மொழி மாதிரியை, பதிவேட்டோடு இணைக்க உட்கார்ந்தேன். நிரல் இரண்டு சனி ஞாயிறில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஏஜெண்டுக்குச் சொல்லும் குறிப்பை எழுதி முடிக்க நான்கு மாதம் ஆனது. இந்தப் பதிவு முழுக்க அந்த நான்கு மாதத்தைப் பற்றி.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயன்படுத்தியது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை. நம்மிடம் உள்ள தரவை மொழி மாதிரி எட்டிப் பார்ப்பதற்குச் சில ‘கருவி’களைச் செய்து கொடுக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கக் குறிப்பு, உள்ளே என்ன தர வேண்டும் என்ற வரையறை. பைத்தானில் எழுதினால் ஃபங்ஷனின் முதல் வரிக்குக் கீழே நாம் எழுதும் விளக்கமே அப்படியே குறிப்பாகப் போய்ச் சேர்கிறது. அந்த மொழி மாதிரிக்கு நம் கட்டுத்தரையைப் பற்றிக் கிடைக்கும் அறிவு அவ்வளவுதான். மாட்டின் முகம் தெரியாது, கொட்டகை வாசம் தெரியாது, பெரியம்மா எந்தக் கிழமை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார் என்பது தெரியாது. நாம் எழுதாத எதுவும் அதற்குத் தெரியாது.

வழக்கமாக நிரலுக்கு விளக்கம் எழுதும்போது சக நிரலாளருக்கு எழுதுகிறோம். அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பார், நிரலைத் திறந்து பார்ப்பார். இங்கே வாசிக்கும் ஏஜெண்ட் எதையும் கேட்காது. குறிப்பில் விட்டுப்போனதைத் தானே ஊகித்து நிரப்பிக்கொண்டு, திடமான குரலில் பதில் சொல்லிவிடும். என் முதல் குறிப்பு இப்படி இருந்தது: “மாட்டின் விவரத்தைத் தரும்.” அவ்வளவே. பதினோரு கருவிக்கும் இதே மாதிரி ஒற்றை வரி.

முதல் கேள்வியும் 50 என்ற பதிலும்

முதலில் கேட்டது சுலபமான கேள்வி: “மொத்தம் எத்தனை உருப்படி இருக்கிறது?” பதில் 50. பெரியப்பா போனை எட்டிப் பார்த்துவிட்டு, “பதிமூணு உருப்படி எங்க கண்ணு போச்சு?” என்றார்.

எங்கேயும் போகவில்லை. பதிவுகளை வெளி நிரலுக்கு எடுத்துக் கொடுக்கும் ட்ரூபலின் ஜேசன் ஏபிஐ ஒரு பக்கத்துக்கு 50 பதிவுதான் தரும். மீதிக்கு அடுத்த பக்கம் கேட்க வேண்டும். என் கருவி முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தது. ஏஜெண்ட் கையில் கிடைத்ததை எண்ணிச் சொல்லிவிட்டது. அதன் மேல் தப்பே இல்லை. நிரலில் எல்லாப் பக்கத்தையும் எடுக்கும்படி மாற்றினேன். கூடவே ஒவ்வொரு பதிலின் தலையிலும் “மொத்தம் இத்தனை, இதில் காட்டுவது இத்தனை” என்று ஒரு வரி சேர்த்தேன். எண்ணிக்கை கேட்பதற்குத் தனிக் கருவி ஒன்றும் செய்து, “எத்தனை என்று கேட்டால் பட்டியலை எண்ணாதே, இதைப் பயன்படுத்து” என்று குறிப்பில் எழுதினேன். விற்றதும் செத்ததும் கணக்கில் சேருமா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டியிருந்தது. ஃபார்ம்ஓஎஸ்ஸில் விற்ற மாட்டை அழிப்பதில்லை, காப்பகத்துக்குத் தள்ளுகிறோம். அதைச் சொல்லாமல் விட்டால் போன சித்திரையில் கண்ணபுரம் சந்தையில் கொடுத்த காளைகளும் கட்டுத்தரையில் நிற்பதாகக் கணக்கு வரும்.

எந்த மாடு என்று கண்டுபிடிப்பது

அரசுப் பதிவில் மாட்டுக்கு அடையாளம் காதுவில்லை. மஞ்சள் நிறத்தில், 12 இலக்க எண்ணோடு இருக்கும். பெரியம்மா அதைக் கம்மல் என்பார். பாரத் பசுதன் தளத்திலும் அந்த எண்தான் மாட்டின் சாவி. நான் பழைய கணக்கை விரிதாளில் தட்டி ஏற்றியபோது அந்த எண்ணை எண்ணாகவே வைத்திருந்தேன். 12 இலக்கம் வந்ததும் விரிதாள் அதை அடுக்குக்குறி வடிவத்துக்குச் சுருக்கிவிட்டது. அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தபோது பின்பாதி இலக்கங்கள் போயே போயின. பல மாட்டுக்கு ஒரே எண். மறுபடி ஒவ்வொரு மாட்டின் காதையும் பிடித்துப் பார்த்து எழுதினோம். எழுதும்போது கவனித்தது: சில மாட்டுக்கு வேலியில் மாட்டி வில்லை அறுந்து, புதிது போட்டிருந்தார்கள். புது வில்லைக்குப் புது எண். பழைய ஊசிக் கணக்கு பழைய எண்ணில் கிடக்கிறது. நல்லவேளையாக ஃபார்ம்ஓஎஸ்ஸில் ஒரு மாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள எண் வைக்கலாம்.

ஆகவே தேடும் கருவியின் குறிப்பில் இவை வந்தன. காதுவில்லை எண் எழுத்துச் சரமாகத்தான் தரப்பட வேண்டும். 12 இலக்கம் இருக்க வேண்டும். பழைய எண்ணைக் கொடுத்தாலும் மாடு கிடைக்கும், அப்போது ‘இது பழைய எண்’ என்று பதிலில் வரும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் சொன்னாலும் தேடலாம், ஏனென்றால் கொட்டகையில் யாரும் 12 இலக்கத்தையும் சொல்வதில்லை.

பிழைச் செய்தியும் குறிப்பில் ஒரு பகுதி என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது. முன்பு “தவறான உள்ளீடு” என்று மட்டும் திருப்பி அனுப்பினேன். ஏஜெண்ட் அதே எண்ணை மூன்று முறை அனுப்பிப் பார்த்துவிட்டு “அந்த மாடு இல்லை” என்றது. இப்போது “நீ கொடுத்தது 11 இலக்கம், 12 வேண்டும், கேட்டவரிடம் எண்ணை மறுபடி படிக்கச் சொல்” என்று திரும்புகிறது. ஏஜெண்டும் அப்படியே கேட்கிறது.

பெயரில் தேடினால் வேறு கதை. கட்டுத்தரையில் மூன்று லட்சுமி இருக்கிறார்கள். பெரியம்மாவுக்குக் குழப்பமே இல்லை: பெரிய லட்சுமி, கூழைக்கொம்பு லட்சுமி, தெக்கால லட்சுமி. பதிவில் மூன்றுமே லட்சுமி. ஏஜெண்ட் முதலில் வந்த லட்சுமியை எடுத்துக்கொண்டு பதில் சொன்னது. “ஒன்றுக்கு மேல் வந்தால் நீயாகத் தேர்ந்தெடுக்காதே. வயது, ஈத்து (எத்தனை தடவை ஈன்றது), இருக்கும் இடம் மூன்றையும் சொல்லி எது என்று கேள்” என்று எழுதிய பிறகு சரியானது.

இன்னொரு மாட்டின் பெயர் கொண்டை. கண்ணால் பார்த்தால் பதிவில் இருக்கிறது, தேடினால் வரவில்லை. அரை நாள் போனது. யூனிகோடில் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. என் மடிக்கணினி விசைப்பலகை ஒரு வகையில் எழுதியது, பழைய கோப்பு வேறு வகையில் இருந்தது. தேடும்முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரியைச் சேர்த்ததும் கொண்டை கிடைத்தது. தமிழில் பெயர் வைத்துத் தேடும் எந்தக் கருவிக்கும் இந்த ஒரு வரி வேண்டும். குறிப்பில் இதைச் சொல்லத் தேவையில்லை, நிரலே பார்த்துக்கொள்ளும்.

ஏஐ என்றால் எது

கால்நடைத் துறையில் ஏ.ஐ. என்றால் செயற்கை முறைக் கருவூட்டல். டாக்டர் அட்டையில் அப்படித்தான் எழுதுவார். அதைப் பார்த்து நான் ஒரு கருவிக்கு ‘ஏஐ பதிவுகள்’ என்று பெயர் வைத்திருந்தேன். ஊசி போட்ட நாளைக் கேட்டபோது ஏஜெண்ட் அந்தக் கருவியைத் தொடவே இல்லை. செயற்கை நுண்ணறிவு எழுதிவைத்த பதிவுகள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. பெயரைச் ‘சினை ஊசி வரலாறு’ என்று பொருள்படும்படி முழுச்சொல்லாக மாற்றினேன். குறிப்பில் “டாக்டர் அட்டையில் ஏ.ஐ. என்று இருந்தால் சினை ஊசி என்று பொருள்” என்று ஒரு வரி. பெயர் வைக்கும்போது சுருக்கெழுத்தே கூடாது என்ற முடிவுக்கு அன்றைக்கு வந்தேன். இன்றுவரை மாற்றவில்லை.

ஆனால் சினை விஷயத்தில் பெயரைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருந்தேன். பசுவுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். அதனால் கடைசி ஊசி நாளோடு 280 கூட்டி, ‘ஈனும் நாள்’ என்று ஒரு கட்டத்தைக் கருவி தந்தது. ஊசி போட்ட எல்லா மாடும் சினை என்று ஆகிவிட்டது. ஒரு நாள் பெரியப்பா மயிலாளைப் பற்றிக் கேட்டார். ஐந்து மாதச் சினை என்று பதில் வந்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. “போன மாசந்தான் காளைக்கு உட்டோம். அஞ்சு மாசம்னு நம்பித் தீவனத்த மாத்துனா என்னாவறது?” என்றார்.

ஊசி போட்டு 21 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்தால் ஊசி நிற்கவில்லை என்று பொருள். வராவிட்டால் நின்றிருக்கலாம், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதம் கழித்து டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொன்னால்தான் உறுதி. இந்த மூன்றும் மூன்று வேறு நிலைகள். பதிவேட்டில் ஊசி மட்டும் இருந்தது. சினை பார்த்ததைப் பல தடவை எழுதவில்லை, காளைக்கு விட்டதை எழுதும் வழக்கமே இல்லை. என் கருவி அந்த இடைவெளியை 280 என்ற எண்ணால் மூடி மறைத்தது.

இப்போது சினை நிலை நான்கு சொற்களில்தான் வரும்: ஊசி போட்டது, சினை உறுதி, நிற்கவில்லை, தெரியாது. ஈனும் நாள் ‘சினை உறுதி’ என்றால் மட்டும் வரும், அதுவும் ஒரு நாளாக வராது, முன்னே பின்னே பத்து நாள் என்ற கெடுவாக வரும். குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: “ஊசி போட்டது என்றால் சினை என்று சொல்லாதே. இந்தத் தோட்டத்தில் காளைக்கு விடுவதும் உண்டு, அது பதிவில் இருக்காது.” இந்த இரண்டாவது வாக்கியத்தை எந்த மென்பொருள் நிறுவனத்தாலும் எழுத முடியாது. அந்தக் கட்டுத்தரையில் நின்றவர்கள் சொன்னால்தான் வரும்.

ராணியின் பால்

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

ராணி என்ற கலப்பு மாட்டுக்கு மடிநோய். சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வந்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, காம்பிலும் மருந்து ஏற்றிவிட்டுப் போனார். அப்படி மருந்து ஏறிய மாட்டின் பாலை, மருந்துக்குரிய விலக்கு நாள் முடியும்வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. குடிப்பவர் உடம்புக்குள் மருந்து போகும். தயிர் உறை ஊற்றினால்கூடச் சரியாகப் பிடிக்காது, ஏனென்றால் உறையில் இருக்கும் நுண்ணுயிரையும் மருந்து விடாது.

நான் ஊரில் இருந்தேன். கருவியைச் சோதிக்கலாம் என்று காலையில் கேட்டேன்: “இன்றைக்கு எந்த மாட்டுப் பாலை ஊற்றக் கூடாது?” பதில் வந்தது: “அப்படி எந்த மாடும் இல்லை. எல்லாப் பாலையும் ஊற்றலாம்.”

பெரியம்மா பக்கத்தில் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். “ராணி பாலத் தனியா வெச்சிருக்கறேன் கண்ணு,” என்றார். “அதுக்கு எப்படித் தெரியும்? நானே இன்னும் எழுதல.”

நோட்டிலிருந்து போனுக்கு ஏற்றுவது ஞாயிறு சாயங்காலம்தான். அது பெரியம்மாவின் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. கருவி தேடியது, பதிவு இல்லை, காலிப் பட்டியலைத் தந்தது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. ஏஜெண்ட் காலிப் பட்டியலை ‘மருந்து கொடுக்கவில்லை’ என்று படித்தது. காலி என்றால் என்ன பொருள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. என் குறிப்பு: “விலக்கு காலத்தில் உள்ள மாடுகளைத் தரும்.” அந்த வாக்கியத்தை நம்பினால், காலிப் பட்டியலுக்கு ஏஜெண்ட் எடுத்துக்கொண்ட பொருள்தான் வரும்.

அன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து மாற்றி எழுதியதை முழுவதும் இங்கே தருகிறேன்:

“மருந்து கொடுத்ததாகப் பதிவேறிய மாடுகளை மட்டும் தரும். மருந்து கொடுத்திருந்தும் இன்னும் ஏற்றாமல் இருக்கலாம். நோட்டிலிருந்து ஞாயிறு சாயங்காலம்தான் ஏற்றுகிறார்கள். பட்டியல் காலியாக வந்தால் ‘பால் ஊற்றலாம்’ என்று ஒருபோதும் சொல்லாதே. ‘பதிவில் எதுவும் இல்லை, கடைசியாகப் பதிவேறியது இந்த நாள், அதற்குப் பிறகு வைத்தியம் நடந்ததா என்று நோட்டைப் பாருங்கள்’ என்று சொல். விலக்கு நாள் எத்தனை என்று பதிவில் இல்லாவிட்டால் நீயாக ஒரு எண்ணைச் சொல்லாதே. மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்கச் சொல், அல்லது டாக்டரைக் கேட்கச் சொல்.”

குறிப்போடு விடவில்லை. ‘கடைசியாகப் பதிவேறிய நாள்’ என்பதை எல்லாக் கருவியின் எல்லாப் பதிலிலும் நிரலே ஒட்டி அனுப்பும்படி செய்தேன். குறிப்பில் சொன்னதை ஏஜெண்ட் ஒரு தடவை மறக்கலாம். பதிலோடு வந்த தேதி கண்முன்னே நிற்கும். மறுபடி இதே கேள்வியை ஒரு வாரம் தினமும் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். சுற்றி வளைத்துக் கேட்டாலும் “ஊற்றலாம்” என்ற சொல் வரவில்லை.

அதற்கப்புறம் மற்ற கருவிகளின் குறிப்பையும் இதே கண்ணோடு திரும்பப் படித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இது காலியாகத் திரும்பினால் என்ன பொருள்? தடுப்பூசிக் கருவி காலி என்றால் ஊசி போடவில்லை என்றும் இருக்கலாம், முகாமில் போட்டு அரசுத் தளத்தில் மட்டும் ஏறியிருக்கலாம். கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முகாம் வைத்துப் போடுகிறார்கள், அங்கே எழுதுவது நம் நோட்டில் அல்ல. கருச்சிதைவு நோய்க்கான புருசெல்லா ஊசி என்றால் காலி என்பது பெரும்பாலும் சரியான பதிலே, ஏனென்றால் அது 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் (பெண்) கன்றுக்கு ஆயுளில் ஒரு தடவை மட்டும் போடுவது. காளைக் கன்றின் பதிவில் அது இல்லை என்று ஏஜெண்ட் எச்சரிக்கை விட வேண்டியதில்லை. ஆளுக்கொரு பொருள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வரி எழுதித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நேரமும் இடமும் நிறமும்

இவை சின்ன விஷயங்கள், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சாயங்காலத்தைத் தின்றது.

காலைக் கறவை 4.45-க்குத் தொடங்கும். என் நிரல் நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றித் தேதியை மட்டும் வெட்டி எடுத்தது. நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறோம், ஆகவே விடியற்காலை 5.30-க்கு முன் கறந்ததெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழுந்தது. காலைக் கறவையில் பாதி நேற்று, மீதி இன்று. ஒரு வாரப் பாலைக் கூட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது, ஒரு நாள் பாலைக் கேட்டால்தான் தெரியும். பெரியம்மாதான் பிடித்தார்.

மாடு இருக்கும் இடத்தை ஃபார்ம்ஓஎஸ் தனிக் கட்டமாக எழுதிவைப்பதில்லை. மாட்டை ஓட்டிப்போனதைச் சொல்லும் கடைசி லாக் எதுவோ, அதிலிருந்து கணக்கிடுகிறது, அதுவும் ‘முடிந்தது’ என்று குறித்த லாக் மட்டும். பெரியப்பாவுக்கு நான்கு கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும். மாற்றி மாற்றி மேய்ப்பார். லாக் எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்று மாற்ற மறந்தால், மாடு வடக்குக் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும்போது ஏஜெண்ட் தெற்குக் காட்டில் இருப்பதாகச் சொல்லும். இப்போது இடம் சொல்லும் கருவி, மாட்டை ஓட்டிய லாக் முடிக்காமல் கிடந்தால் அதையும் சேர்த்துத் தருகிறது: “பதிவின்படி தெற்குக் காடு. வடக்குக் காட்டுக்கு ஓட்டியதாக முடிக்காத குறிப்பு ஒன்று இருக்கிறது.”

நிறம் எனக்குப் பிடித்த இடம். காங்கேயம் கன்று செவலையாகத்தான் (செந்நிறமாக) பிறக்கும். ஆறு மாதம் வாக்கில் மயிலையாக (சாம்பல் நிறமாக) மாறும். நாங்கள் நிறத்தை எழுதுவது பிறந்த அன்று. ஒரு வியாபாரி மயிலைக் கிடேரி எத்தனை என்று கேட்டிருந்தார். ஏஜெண்டைக் கேட்டால் ஒன்றுதான் என்றது. வேலியைத் தாண்டிப் பார்த்தால் ஏழு நிற்கிறது. பதிவில் மற்ற ஆறும் செவலை! குறிப்பில் இப்போது: “நிறம் என்பது பிறந்த அன்று எழுதியது. காங்கேயம் இனத்தில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட உருப்படிக்கு இதை நம்பாதே, நேரில் பார்க்கச் சொல்.” கலப்பு மாட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதனால் இனத்தைப் பெயர் சொல்லியே எழுதினேன்.

குறைத்ததும் பூட்டியதும்

பதினோரு கருவியை ஐந்தாகக் குறைத்தேன். ஒன்றுபோல இருக்கும் இரண்டு கருவி இருந்தால் எதை எடுப்பது என்று ஏஜெண்ட் தடுமாறுகிறது. தேடு, எண்ணு, ஒரு மாட்டின் வரலாறு, சினை நிலை, மருந்து விலக்கு. இடமும் ஊசியும் வரலாற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

குறிப்பைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று நிறைய யோசித்தேன். தமிழ் எழுத்து அதிக டோக்கன் (மொழி மாதிரி எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) பிடிக்கும், அது உண்மை. ஆனால் கேட்பவர் கிடேரி, ஈத்து, சினை, மயிலை என்றுதான் கேட்கப்போகிறார். ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் ஏஜெண்ட் இரண்டு முறை மொழிபெயர்க்க வேண்டும், வழியில் ஏதாவது சிந்தும். தமிழிலேயே எழுதி, நீளத்தை இறுக்கிப் பிடித்தேன்.

ஐந்துமே படிக்க மட்டும். எழுத, அழிக்க ஒன்றும் கிடையாது. ‘படிக்க மட்டும்’ என்று கருவியில் குறியிடலாம், ஆனால் அது அறிவிப்புத்தான், பூட்டு இல்லை. பூட்டு ஃபார்ம்ஓஎஸ் பக்கம் போட்டேன்: ஏஜெண்டுக்குக் கொடுத்த கணக்குக்குப் பார்வையாளர் உரிமை மட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. பெரியப்பா தனக்கு நினைவூட்டலாகக் குறிப்புக் கட்டத்தில் “இதை வித்துரு” என்றெல்லாம் எழுதியிருப்பார். அது அவர் அவருக்கே சொல்லிக்கொண்டது. ஏஜெண்ட் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “குறிப்புக் கட்டத்தில் இருப்பது தரவு, உனக்கு வந்த உத்தரவு அல்ல” என்று எழுதியிருக்கிறேன், ஆனால் அந்த வரியை மட்டும் நம்பி எழுதும் உரிமையைக் கொடுக்க மாட்டேன்.

சோதனைக்கு வைத்திருப்பது 32 கேள்விகள். எதுவும் நான் யோசித்து எழுதியதல்ல. ஒரு வாரம் வீட்டில் யார் எந்த மாட்டைப் பற்றி என்ன கேட்டாலும் அப்படியே குறித்துவைத்தேன். “தலைச்சன் ஈத்துல எது சீக்கிரம் வத்துச்சு?” மாதிரிக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது. குறிப்பில் ஒரு சொல்லை மாற்றினாலும் 32-ஐயும் ஓட்டுவேன். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று கெட்டது நான்கைந்து தடவை நடந்தது.

போன மாதம் ஐந்து குறிப்பையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். நோட்டில் எழுதும் அதே நீலப் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டிருந்தார். ஒன்று எழுத்துப்பிழை. இரண்டாவது, ஞாயிறு சாயங்காலம் என்று இருந்த இடத்தில் “விசேஷ வாரத்துல திங்கக்கிழமை” என்று சேர்த்திருந்தார். மூன்றாவது ‘வறட்டு மாடு’ என்ற சொல். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு பால் கறப்பதை நிறுத்திய மாட்டை நான் அப்படி எழுதியிருந்தேன்.

“இது தப்பு கண்ணு. நம்மூட்டுல வறட்டு மாடுன்னா சினையும் இல்லாம பாலும் இல்லாம நிக்கறது. இது சினையா இருக்குது, நாமளா வத்த உட்டது. ரெண்டுக்கும் ஒரே தீவனமா வெப்ப?”

சினை நிலைக் கருவியில் அதுவரை இரண்டும் ஒரே சொல்லின் கீழ்தான் வந்துகொண்டிருந்தன. அன்று இரவே இரண்டாகப் பிரித்தேன்: ‘வறட்டு’, ‘வத்த விட்டது’. 32 கேள்வியையும் ஓட்டினேன். ஒன்று தவறியது, கேள்வியில் நானே ‘வறட்டு’ என்று தப்பாக எழுதியிருந்தேன். அதைத் திருத்தி, பெரியம்மா கேட்ட தீவனக் கேள்வியை 33-ஆவதாகச் சேர்த்திருக்கிறேன்.